திருடனைப் படித்தவர்

பயந்தவர்களில் இரண்டு வகை உண்டு. பேய் என்றால் ஓடுகிறவர்கள் ஒரு வகை. பேயைப் பற்றிப் புத்தகம் வாங்கிப் படித்து, படித்ததால் இன்னும் கொஞ்சம் பயந்து, அந்தப் பயம் தெளிய இன்னொரு புத்தகம் வாங்குகிறவர்கள் அடுத்த வகை. இவர் அடுத்த வகை.

மருத்துவமனையில் இவரை எல்லோரும் பூட்டு என்றுதான் சொல்வார்கள். நேரில் பார்த்தால் மட்டும் ஒரு 'சார்' சேர்ந்துகொள்ளும். அங்கே உள்ள கணினிகளையெல்லாம் பார்த்துக்கொள்வது இவர் வேலை. ஒரு நர்ஸ் தண்ணீர் குடிக்க எழுந்து போனால் போதும், எங்கிருந்தோ வந்து அவள் திரையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி ஒட்டி வைத்திருப்பதைக் கண்டால் இவருக்குக் குலை நடுங்கும். கிழிப்பார், கசக்குவார், கசக்கினதும் போதாமல் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொளுத்துவார். "சார், அது பாஸ்வேர்டு இல்ல, என் சம்பந்தியோட போன் நம்பர்!" என்று சமையலறை மேற்பார்வையாளர் ஒரு நாள் கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தார். அதற்குள் சீட்டு நாலாகக் கிழிந்திருந்தது. அந்தச் சம்பந்திக்கு ஏற்கெனவே கோபம் என்று கேள்வி.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். இவருக்கு ஒரே அக்கா. அம்மா வேலைக்குப் போய்விடுவாள் என்பதால் அக்காதான் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தெருநாயிடமிருந்து காப்பாற்றி வளர்த்தாள். அந்த அக்கா இன்று டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். நேற்றுவரை சைக்கிள் கூட ஓட்டாதவர்களை லாரிகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போய், "பிரேக்கை மறந்துடு, முன்னாடி பாரு" என்று சொல்கிற பெண். அவளுடைய தம்பிக்கு இன்றுவரை லைசென்ஸ் கிடையாது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்றால் பதிவு அலுவலகத்திலேயே நம்ப மாட்டார்கள்.

பூட்டின் அறை தரைத்தளத்தில், துணி வெளுக்கும் அறைக்கு அடுத்தது. நாள் முழுக்கப் பெரிய வாஷிங் மெஷின்கள் சுவருக்கு அப்பால் உருண்டுகொண்டே இருக்கும். ஒரு மேசை, நான்கு திரைகள், கணினிப் பதிவுகளுக்குத் தினமும் எடுக்கும் நகல்களை வைக்க ஓர் இரும்பு அலமாரி. அது போக, ஒரு சுவர் முழுக்கப் புத்தகம். எல்லாம் ஒரே விஷயம்: கணினி பிறந்த கதை, அதற்குள் புகுந்தவர்களின் கதை.

முதல் புத்தகத்தை நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்த நிலையில் வாங்கினார். ஒரு கணினி ஒரு கூடத்தையே அடைத்துக்கொண்டு நின்ற காலம். அதிகாரிகள் வீட்டுக்குப் போன பிறகு, மாணவர்கள் பூட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டு உள்ளே போய், அதைத் தொட்டுப் பார்க்கிற ஆசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார்களாம். ஹேக்கர் என்பது அப்போது திட்டு இல்லை, பாராட்டு. தொலைபேசிக்குள் சரியான சுருதியில் விசில் அடித்து, காசு கொடுக்காமல் கண்டம் தாண்டிப் பேசியவர்கள் இருந்தார்கள். சும்மா அளந்து பார்க்கலாம் என்று ஒருவன் விட்ட சின்ன நிரல், குட்டி போட்டுக் குட்டி போட்டு ஆயிரக்கணக்கான கணினிகளை மூச்சுத் திணற வைத்ததும் உண்டு. பூட்டு இதையெல்லாம் படித்து, மயிர்க்கூச்செறிந்து, மறுநாள் காலையில் எல்லா நர்ஸ்களின் பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார்.

படித்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஊரையும் படிக்கச் சொன்னார். கதவில் 'அவசியம் படிக்க வேண்டியவை' என்று ஒரு தாளை ஒட்டி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் கீழே தன் குறிப்பையும் எழுதி வைத்தார். 'தைரியமாகப் படிக்கலாம்.' 'தனியாக இருக்கும்போது வேண்டாம்.' 'கடைசி அத்தியாயத்தைச் சாப்பிட்ட பிறகு படிக்கவும்.' தலைமை நர்ஸ் வந்து தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுல எது சார் ரொம்பத் தடிமன்?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பூட்டுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், பிரசவ வார்டில் ஆடிக்கொண்டிருந்த ஒரு கட்டிலின் காலுக்கடியில் கணினியின் வரலாறு இருந்தது. கட்டில் ஆடவில்லை.

மொத்த மருத்துவமனையிலும் இவர் சொன்ன புத்தகங்களை உண்மையாகப் படித்தது ஒரே ஆள்தான். எக்ஸ்ரே எடுக்கும் பெண். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்பாள். "அந்த விசில்காரன் கடைசியில என்ன ஆனான் சார்?" என்று கண்ணை விரித்துக் கேட்பாள். போன மாதம் அவளுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. போகும்போது, "என் கணக்கை உடனே மூடிடாதீங்க சார், என் சர்டிபிகேட் சம்பந்தமான மெயில் எல்லாம் அதுலதான் வரும். கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றாள். வேலையை விட்டுப் போகிறவர்களின் கணக்கை அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் மூடுகிற மனிதர் இவர். சம்பந்தியின் போன் நம்பரைக் கூட விட்டுவைக்காதவர். ஆனால் கேட்டது தன் ஒரே வாசகி. "அதுக்கென்னம்மா, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு இந்த இடத்தில் இவர்மேல் கோபம்கூட வரவில்லை. பாராட்டுக்கு ஏங்குகிறவனை யாரால்தான் திட்ட முடியும்? கோபம் வருவது அடுத்து நடந்ததற்கு.

ஒரு திங்கட்கிழமை காலை, டீ ஆறுவதற்குள், எக்ஸ்ரே பெண்ணின் கணக்கு உள்ளே வந்திருப்பதைப் பூட்டு பார்த்தார். மெயில் பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார். ஆனால் அந்தக் கணக்கு மெயில் பக்கமே போகவில்லை. மருந்துக்கிடங்கின் கணினி, வார்டுகளின் கணினி, ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினி என்று ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே நடந்தது. பூட்டு அவளுக்குப் போன் போட்டார்.

"இப்ப நம்ம சிஸ்டத்துக்குள்ள வந்தியாம்மா?"

"நானா? நான் பஸ்ல இருக்கேன் சார். ஏன் சார்?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டார். வாழ்நாள் முழுக்கப் பயந்துகொண்டே எதிர்பார்த்தவன் கடைசியில் வந்தேவிட்டான்.

செய்ய வேண்டியது என்னவென்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தக் கணக்கை மூட வேண்டும். மேலே போய், மருத்துவமனையை நடத்துகிற பெரிய டாக்டர் அம்மாவிடம் சொல்ல வேண்டும். பூட்டின் விரல் மவுஸ் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை.

அழுத்தாததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, பயம். சொன்னால், எப்படி வந்தான் என்று கேட்பார்கள். யார் கணக்கு என்பார்கள். போனவள் கணக்கு ஏன் திறந்திருந்தது என்பார்கள். இருபது வருடமாக ஊரையே பூட்டச் சொன்னவர் தன் வாசலைத் திறந்து போட்டிருந்தார் என்றால் துணி வெளுக்கிறவர்கள்கூடச் சிரிப்பார்கள். இரண்டாவது காரணம் அதைவிட மோசம். அது ஆசை. இவர் படித்த புத்தகங்களில் கெட்டிக்காரர்கள் யாரும் திருடனை விரட்டுவதில்லை. மூச்சுவிடாமல் உட்கார்ந்து கவனிப்பார்கள். எங்கே போகிறான், என்ன தேடுகிறான், யார் அவன் என்று கண்டுபிடித்துக் கடைசி அத்தியாயத்தில் கையும் களவுமாகப் பிடிப்பார்கள். அப்புறம் அவர்களைப் பற்றி ஒருவர் புத்தகம் எழுதுவார். வாழ்க்கை முழுக்க ஓடினவருக்கு, ஒரே ஒரு தடவை ஓடாமல் நிற்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. தைரியம் வந்த நாளா அது? பயமும் பெருமையும் கூட்டுச் சேர்ந்த நாள். அந்தக் கூட்டு எந்தக் குடும்பத்தையும் உருப்பட விட்டதில்லை.

'சும்மா பார்க்க வந்தவனாகத்தான் இருப்பான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். புத்தகங்களில் வருகிறவர்கள் அப்படித்தான். ஆர்வத்தில் நுழைவார்கள், எதையும் கெடுக்க மாட்டார்கள். மனதுக்குள் அவனுக்கு விருந்தாளி என்று பெயரும் வைத்துவிட்டார்.

மறுநாள் வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் உளறிவிட்டார். மனைவி பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். விரல் நுனியெல்லாம் எப்போதும் சாயம். கேட்டுக்கொண்டே வந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இருங்க. திருடன் உள்ள இருக்கான். நீங்க அவனுக்கு விளக்குப் பிடிச்சுட்டு நிக்கிறீங்க. அப்படித்தானே?"

"அப்படி இல்ல, கவனிக்கிறேன். இதுக்கு ஒரு முறை இருக்கு."

"என்ன முறை? என் கடைக்குள்ள எவனாவது வந்து கல்லாவை நோண்டினா, யாரு பெத்த பிள்ளையோன்னு பாத்துட்டா நிப்பேன்? கத்தரிக்கோலை எடுத்துட்டுத்தான் போவேன். நாளைக்குப் போனதும் முதல் வேலையா அதை மூடுங்க."

"மூடிடறேன்" என்றார்.

அடுத்த நாள் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "மூடினீங்களா?"

"மூடியாச்சு."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பூட்டு மனைவியிடம் சொன்ன பொய்கள் எல்லாம் சின்னச் சின்னவை, அவளும் கண்டுபிடித்துச் சிரித்துவிடுவாள். இதை அவள் நம்பினாள். நம்பிவிட்டாளே என்று அன்று சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை அக்காவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. அவள் இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை என்று நான்கு மாதமாகவே வைத்தியம். ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை கொடுத்து வைத்திருந்தார்கள். அதை நிறுத்தி, ரத்தம் ஒழுங்காக உறைகிறதா என்று அளந்து பார்த்து, அளவு சரிக்கு வந்ததும் சனிக்கிழமை அறுவை சிகிச்சை. அந்த ஓர் எண்தான் எல்லாம். அது தப்பாக இருந்தால் கத்தி வைத்த இடத்தில் ரத்தம் நிற்காது. இதை டாக்டர் விளக்கிச் சொன்னபோது அக்கா கொட்டாவி விட்டாள். தம்பிதான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

சேர்க்கை மேசையில் உட்கார்ந்திருந்த பெண் கேட்ட எல்லாவற்றுக்கும் பூட்டுதான் பதில் சொன்னார். வயது, எடை, சாப்பிடுகிற மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து. அக்கா பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள். "என் தம்பி இங்கதாம்மா வேலை பாக்குறான். இந்த ஆஸ்பத்திரியோட சாவியே அவன் கையிலதான்" என்று பெருமையடித்துக்கொண்டாள். அந்தப் பெண் ஒவ்வொன்றாகத் தட்டத் தட்ட, அக்காவின் பெயர் திரையில் ஏறியது. அதே திரைக்குப் பின்னால் எங்கோ அவனும் இருக்கிறான் என்பது அப்போதுதான் பூட்டுக்கு உறைத்தது. இதுவரைக்கும் உள்ளே இருந்தவர்கள் நோயாளிகள். இப்போது அக்கா.

'இப்பவே போய் மூடிவிடலாம்' என்று நினைத்தார். மூடினால், அவனைப் பற்றி இதுவரை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்றும் ஆகிவிடும், இத்தனை நாள் சும்மா இருந்தது மட்டும்தான் மிஞ்சும். இன்னும் ஒரே நாள் பார்ப்போம் என்று தோன்றியது. குடித்துக் கெட்டவர்களும் சீட்டாடிக் கெட்டவர்களும் சொல்கிற அதே இன்னும் ஒரே நாள்.

படுக்கையில் பொழுது போகவில்லை என்று அக்கா கேட்டதால், தன் சுவரிலிருந்து ஒரு புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். தாளில் 'தைரியமாகப் படிக்கலாம்' என்று எழுதியிருந்த புத்தகம். வெள்ளிக்கிழமை காலையில் போனபோது அவள் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"டேய், இதுல ஒருத்தன்கூடக் கெட்டவன் இல்லையேடா. எல்லாம் நல்ல பசங்களா இருக்காங்க. ஜன்னல் வழியா ஏறிக் குதிச்சுப் போய்க் கணக்குப் போடறாங்க."

"இது பழைய கதைக்கா."

"சரி. இப்ப இருக்கறவங்க?"

"அவங்க வேற."

"அவங்களைப் பத்தின புத்தகத்தைக் குடுக்க வேண்டியதுதானே?"

பூட்டு வாயைத் திறந்தார். "அதெல்லாம் வாங்கலக்கா" என்றார். அப்படிப்பட்ட புத்தகங்களும் வெளிவந்திருந்தன. ஆள் யாரென்றே தெரியாத கூட்டங்கள், அலுவலகம் வைத்துச் சம்பளம் போட்டு நடத்துகிறவர்கள், ஊர் ஊராக மருத்துவமனைகளை முடக்கிப் பணம் பறிக்கிறவர்கள் பற்றியெல்லாம். கடையில் எடுத்து நாலு பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிடுவார். அவற்றில் ரசிக்க ஒன்றும் இல்லை. பழைய பேய்களைச் சீராட்டுகிறவருக்குப் புதுப் பேயின் முகத்தைப் பார்க்கத் துணிவு இல்லை. அக்கா சும்மா கேட்ட கேள்வி அது.

கீழே வந்து திரையைப் பார்த்தார். விருந்தாளி ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினிக்குள் இருந்தான். அந்தக் கணக்கின் பெயரில் ஒரு வரி புதிதாகத் தெரிந்தது. ஏதோ ஒரு பக்கம் திறக்கப்பட்டு, திருத்திச் சேமிக்கப்பட்டிருக்கிறது. இதுவரை அவன் பார்த்தான், போனான், எதையும் தொட்டதில்லை. பூட்டு அந்த வரியை முறைத்துப் பார்த்தார். யாருடைய பக்கம்? என்ன எண்? உள்ளே போய்த் தேட வேண்டும். அந்த நேரம் பார்த்து வார்டிலிருந்து போன் வந்தது, அக்காவை ஸ்கேன் எடுக்கக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், கூட ஆள் வேண்டும் என்று. தப்பித்த மாதிரி எழுந்து ஓடினார். திரும்பி வந்தபோது அந்த வரி கண்ணில் படவில்லை. கண் ஏமாற்றியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். அந்தக் கணக்கை மூடினார். ஐந்து நாளாக அழுத்தாத பொத்தானை அழுத்த அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் விருந்தாளி இத்தனை நாளில் வேறு எத்தனை கதவுக்குச் சாவி செய்துகொண்டிருப்பான் என்று தெரியாத ஆள் இல்லை இவர்.

சனிக்கிழமை காலை ஒவ்வொரு திரையாகக் கறுத்தது. முதலில் மருந்துக்கிடங்கு. அப்புறம் வார்டுகள். அப்புறம் ரத்தப் பரிசோதனைக் கூடம். ஒவ்வொன்றிலும் ஒரே அறிவிப்பு: எல்லாம் எங்களிடம், திறக்க வேண்டுமானால் பணம். மாடிப்படியில் நர்ஸ்கள் ஓடும் சத்தம். பூட்டு துணி வெளுக்கும் அறை வழியாக ஓடிப்போய், வெளி உலகத்தோடு இணைக்கிற கம்பிகளைப் பிடித்து இழுத்துப் பிடுங்கிப் போட்டார். அதனால் பாதிக் கணினிகள் பிழைத்தன. துணி வெளுக்கிறவர்கள் கை தட்டினார்கள். அவருக்கு அழுகை வந்தது.

கொஞ்ச நேரத்தில் பெரிய டாக்டரின் அறையில் நின்றுகொண்டிருந்தார். அறுவை சிகிச்சை நிபுணர் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். பெரிய டாக்டர் பதறவில்லை. அந்த அம்மா பதறி யாரும் பார்த்ததில்லை.

"நல்ல வேளை, கம்பியைப் பிடுங்கினீங்க. வேற யாராவது இருந்தா மொத்தமும் போயிருக்கும். போலீஸுக்குச் சொல்லியாச்சு, ஒரு பைசா குடுக்கப் போறதில்லை. நீங்க தினமும் எடுத்து அலமாரியில வைக்கிற காப்பி இருக்கு இல்லையா?"

"இருக்கு மேடம்."

"நேத்து வரைக்கும்?"

"நேத்து வரைக்கும்."

"அப்ப அதை ஏத்துங்க. மத்தியானத்துக்குள்ள ஆயிடுமா? உங்க அக்காவோட கேஸ் மூணு மணிக்கு. ரிசல்ட் எல்லாம் அதுலதானே இருக்கு."

"ஆயிடும் மேடம்."

வாய் சொல்லிவிட்டது. வேலை போகாது. பெயர் கெடாது. வீரன் என்றே சொல்வார்கள். அவர் கதவுப் பக்கம் திரும்பினார். நேற்றைய நகலில் அக்காவின் ரத்தம் உறையும் எண் இருக்கிறது. அது அக்காவின் எண்தானா, இல்லை அவன் தட்டிவிட்டுப் போன எண்ணா? திருத்திச் சேமித்த அந்த வரி கண்முன் நின்றது. அது வேறு யாருடைய பக்கமாகவும் இருக்கலாம். அப்படி ஒரு வரியே இல்லாமலும் இருக்கலாம். இருந்தது. நிச்சயமாக இருந்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். திருடனைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கும் அதே கதிதான்.

"ஒரு நிமிஷம்" என்றார் பெரிய டாக்டர் பின்னாலிருந்து. "அவங்க உள்ள வந்தது இன்னைக்கா நேத்தா? எந்த நாள் வரைக்குமான காப்பியை நம்பலாம்?"

சாதாரணமாகத்தான் கேட்டார். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நின்றார். பதிலைச் சொன்ன கணமே, எப்படித் தெரியும் என்ற அடுத்த கேள்வி வரும். தெரியாது மேடம் என்றால் தீர்ந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்."

"என்னது?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் மேடம் நம்பலாம். திங்கக்கிழமை வந்துட்டான். நான் பாத்தேன். பாத்துட்டே இருந்தேன்."

ஜன்னலோரம் நின்ற நிபுணர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பூட்டு எல்லாவற்றையும் சொன்னார். போனவளின் கணக்கு, மூடாமல் விட்டது, அந்த வரி. சொல்லி முடித்ததும் மனப் பாரம் இறங்கும் என்று கதைகளில் வரும். இவருக்கு ஒன்றும் இறங்கவில்லை.

பெரிய டாக்டர் கத்தவில்லை. போனை எடுத்து, திங்கட்கிழமைக்குப் பிறகு வந்த ஒரு ரிசல்ட்டையும் நம்ப வேண்டாம், எல்லா நோயாளிக்கும் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும், அவசரமானதைத் தவிர எல்லா ஆபரேஷனும் நிறுத்தம், மருந்தெல்லாம் கையால் எழுதின தாளைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"போலீஸ் வர்ற வரைக்கும் நீங்க வளாகத்தை விட்டுப் போகாதீங்க. உங்க அறைச் சாவியை இங்க வச்சுடுங்க. உங்க அக்காகிட்ட இன்னைக்கு ஆபரேஷன் இல்லைன்னு நீங்களே போய்ச் சொல்லுங்க. ஏன்னும் சொல்லுங்க."

இரண்டு மாடி ஏறினார். அக்கா அறுவை சிகிச்சைக்கான பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். நகைகளைக் கழற்றித் தம்பி மனைவியிடம் கொடுத்திருந்தாள். மனைவி கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு வந்து, நாத்தனாரின் தலைமுடியைச் சீவிப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"வாடா. என்னமோ கம்ப்யூட்டர் எல்லாம் புட்டுக்கிச்சாமே. நீ இருக்கும்போது எனக்கென்னன்னு இவகிட்டச் சொல்லிட்டிருக்கேன்."

பூட்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். பாதியிலேயே மனைவியின் கை நின்றுவிட்டது. சீப்பு முடிக்குள்ளேயே இருந்தது.

"மூடியாச்சுன்னு சொன்னீங்களே" என்றாள். சத்தம் எழவில்லை.

அக்கா பச்சை அங்கியின் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை என்னைக்குடா இங்க கொண்டுவந்து சேர்த்தே?"

"வியாழக்கிழமைக்கா."

"அவன் உள்ள இருக்கான்னு தெரிஞ்சேதான் கூட்டிட்டு வந்தியா?"

அவளுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று ஊரே சொல்லும். தம்பியும் அப்படித்தான் நினைத்திருந்தார். இப்போது அவள் முகத்தில் அதைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து பழகின பொருள் என்பதால் உடனே அடையாளம் தெரிந்தது.

"தெரிஞ்சுதான்க்கா."

நர்ஸ் ஊசியும் சின்னக் குப்பிகளும் வைத்த தட்டோடு உள்ளே வந்தாள். கையில் ஒரு வெற்றுத்தாளும் பேனாவும் இருந்தன. "எல்லாம் மறுபடி முதல்லேர்ந்து எழுதணுமாம்மா. சார், நீங்களே சொல்லிடறீங்களா? வயசு, எடை, ஒத்துக்காத மருந்து?"

பூட்டு வாயைத் திறந்தார்.

"அவன்கிட்டக் கேக்காதேம்மா" என்றாள் அக்கா, நர்ஸிடம் கையை நீட்டிக்கொண்டே. "நான் சொல்றேன், எழுதிக்கோ. நீ வெளிய நில்லுடா."

அவர் வெளியே போய் நின்றார். உள்ளே அக்கா தன் வயதைச் சொல்வது கேட்டது.